கரையிறங்கிய பின் யார் பொறுப்பு? கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமை இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம்.

பனாமா, லைபீரியா, மார்ஷல் தீவுகள் போன்ற அயல்நாடுகளில் பதிவாகி அவற்றின் கொடிகளின் கீழ் ஓடும் கப்பல்களில் வேலை பார்க்கும் நம் நாட்டுக் கடலோடி ஒருவர், ஒப்பந்தக் காலம் முடியும் முன்பே நோய்வாய்ப்பட்டு ஊர் திரும்பினால், அவருடைய சிகிச்சைச் செலவை யார் கொடுப்பது, எத்தனை நாளைக்குக் கொடுப்பது, கொடுக்க மறுத்தால் எந்தக் காகிதத்தைக் காட்டிக் கேட்பது என்பது குறித்துத் தங்கள் இயக்குநரகம் தெளிவான, கட்டாயமான விதி ஒன்றை வகுக்க வேண்டும் என்று கோருவதற்காகவே இம்மடலை எழுதுகிறேன். 1958-ஆம் ஆண்டின் வணிகக் கப்பல் சட்டத்துக்குப் பதிலாக 2025-இல் நாடாளுமன்றம் புதிய சட்டத்தை நிறைவேற்றியிருக்கிறது. அதன் கீழ் வரும் விதிகளில் இதற்கு இடம் கிடைக்காவிட்டால் இன்னும் ஒரு தலைமுறை காத்திருக்க நேரும் என்று அஞ்சுகிறேன்.

நான் கப்பல்களின் இயந்திர அறையில் பணியாற்றி ஓய்வுபெற்றவன், தூத்துக்குடியில் வசிக்கிறேன். இந்த ஊரிலிருந்தும் கன்னியாகுமரி, ராமநாதபுரம் கரையோரங்களிலிருந்தும் கப்பலுக்குப் போன பிள்ளைகளின் பெற்றோரும் மனைவியரும் ஆஸ்பத்திரி பில்லையும் காண்ட்ராக்டையும் எடுத்துக்கொண்டு வந்து, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்லக் கேட்கிறார்கள். அப்படிப் படித்துப் பார்த்ததில் எனக்குத் தெளிவானது இதுதான்: கப்பலில் இருக்கும் வரை கடலோடிக்குப் பாதுகாப்பு இருக்கிறது, அதில் குறைகள் உண்டென்றாலும் பொதுவாக அது வேலை செய்கிறது. வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் அது கைநழுவுகிறது. காப்பீடு பயணத்துக்கும் ஒப்பந்தத்துக்கும் எழுதப்பட்டிருக்கிறதே தவிர, அந்த மனிதருக்கு எழுதப்படவில்லை.

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2006-இல் ஏற்ற கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, கப்பல்காரர்கள் எம்.எல்.சி. என்று சொல்வது, 2013 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2015 அக்டோபரில் அதை ஏற்றது. கப்பலிலும், கப்பல் தொடும் துறைமுகங்களிலும் கடலோடிக்குத் தேவைப்படும் மருத்துவத்துக்கு அவரிடம் காசு வாங்கக் கூடாது என்பது அதன் அடிப்படை விதி. நூறு பேர் அல்லது அதற்கு மேல் ஏறி, மூன்று நாளுக்கு மேற்பட்ட பன்னாட்டுப் பயணம் போகும் கப்பலில் மருத்துவர் ஒருவர் இருக்க வேண்டும். இருபது, இருபத்தைந்து பேருடன் ஓடும் சரக்குக் கப்பலுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. அங்கே பெரும்பாலும் பயிற்சி பெற்ற அதிகாரி ஒருவர்தான் மருந்துப் பெட்டிக்குப் பொறுப்பு. நெஞ்சுவலி என்றால் அவர் செயற்கைக்கோள் தொலைபேசியில் கரையிலுள்ள மருத்துவரிடம் கேட்டு மருந்து கொடுப்பார். ரோம் நகரில் 1935 முதல் இயங்கும் சி.ஐ.ஆர்.எம். என்ற மையம் உலகின் எந்தக் கடலில் எந்தக் கொடியின் கீழ் ஓடும் கப்பலுக்கும் இந்த ஆலோசனையை இலவசமாக வழங்கி வருகிறது. அதனால் உயிர் பிழைத்தவர்கள் பலர். அந்த மருத்துவர்களை நன்றியோடு நினைக்கிறேன்.

கரையில் சிகிச்சை தேவைப்பட்டால், கேப்டன் துறைமுக ஏஜென்டுக்குச் சொல்ல, ஏஜென்ட் மருத்துவமனையை ஏற்பாடு செய்கிறார். பெரிய செலவு என்றால், கப்பல் முதலாளியின் பொறுப்புகளுக்குக் காப்பீடு தரும் பி அண்டு ஐ கிளப்பின் உள்ளூர்ப் பிரதிநிதி மருத்துவமனைக்கு உத்தரவாதக் கடிதம் கொடுக்கிறார். உலகக் கப்பல்களின் கொள்ளளவில் ஏறத்தாழ 90 சதவீதத்துக்கு இந்தக் கிளப்களின் பன்னாட்டுக் குழுமமே காப்பீடு தருகிறது. அமெரிக்கத் துறைமுகம் ஒன்றில் ஒரு வாரம் தீவிர சிகிச்சையில் கிடந்தால் வரும் பில்லை எந்தக் கடலோடியும் தன் சம்பளத்தில் கட்ட முடியாது. அதைக் கிளப்தான் தாங்குகிறது. ஆயினும் இதிலும் ஒரு பழுது இருக்கிறது. ஒவ்வொரு நோய்க் கோரிக்கையிலும் குறிப்பிட்ட தொகை வரை முதலாளியே ஏற்க வேண்டும், அதற்கு மேற்பட்டதையே கிளப் தரும் என்பது காப்பீட்டின் ஏற்பாடு. ஆகவே சிறிய செலவுகள் அனைத்தும் முதலாளியின் தலையில் விழுகின்றன. பல்வலிக்கும் முதுகுவலிக்கும் சிறுநீரகக் கல்லுக்கும் “அடுத்த போர்ட்டில் பார்க்கலாம்” என்ற பதில் வருவதற்கு மருத்துவக் காரணத்தைவிட இந்தக் கணக்கே பெரும்பாலும் காரணம் என்று நான் கருதுகிறேன். நடைமுறைக்கு உட்பட்டுத் துறைமுகத்தில் தாமதமின்றி மருத்துவரையும் பல் மருத்துவரையும் பார்க்கும் உரிமை உடன்படிக்கையிலேயே இருக்கிறது. கொரோனா காலத்தில் பல நாடுகள் உயிருக்குப் போராடிய கடலோடிகளைக்கூட இறங்க விடவில்லை. அந்தக் கொடுமைக்குப் பிறகு, உடனடி மருத்துவம் தேவைப்படுபவரைத் துறைமுக நாடு விரைந்து கரையிறக்க வேண்டும் என்று 2022-இல் கொண்டுவந்த திருத்தம் 2024 டிசம்பர் 23 முதல் நடைமுறையில் இருக்கிறது. இந்தியத் துறைமுகங்களில் வெளிநாட்டுக் கடலோடிகளுக்கு இதை நாமும் முறையாகச் செய்கிறோமா என்று தாங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இனி, கப்பலின் மெஸ் அறைச் சுவரில் ஒட்டியிருக்கும் சான்றிதழைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2017 ஜனவரி 18 முதல் ஒவ்வொரு கப்பலிலும் நிதிப் பாதுகாப்புச் சான்றிதழ்கள் இரண்டு ஒட்டப்பட்டிருக்கின்றன. அவற்றைப் பார்த்து, தனக்கு ஏதும் நேர்ந்தால் மருத்துவச் செலவுக்குக் காப்பீடு இருக்கிறது என்று கடலோடி நம்புகிறார். உண்மையில் ஒரு சான்றிதழ், முதலாளி கப்பலைக் கைவிட்டுவிட்டால் ஊர் திரும்பும் செலவு, நான்கு மாதம் வரையிலான நிலுவைச் சம்பளம், உணவு, மருத்துவம் போன்ற இன்றியமையாத் தேவைகள் ஆகியவற்றுக்கானது. மற்றது, வேலை தொடர்பான விபத்தாலோ நோயாலோ ஏற்படும் மரணத்துக்கும் நீண்டகால ஊனத்துக்குமான இழப்பீட்டுக்கானது. இதய அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்து ஊர் திரும்பியவரின் மாத்திரைச் செலவும், முதுகெலும்பு வட்டு நழுவியவரின் பிசியோதெரபிச் செலவும் இந்த இரண்டிலும் வராது. அச்செலவை ஏற்கும் கடமை முதலாளிக்கு உண்டு. அதை நிறைவேற்றாவிட்டால் காப்பீட்டாளரிடம் நேரடியாகப் போய்க் கேட்கும் உரிமையை இந்தச் சான்றிதழ்கள் கடலோடிக்குத் தரவில்லை. பொதுவாக, முதலாளி முதலில் செலவழித்தால்தான் கிளப் அவருக்குத் திருப்பித் தரும். அவர் செலவழிக்கவே இல்லை என்றால் காப்பீடு இருந்தும் பயனில்லாமல் போகிறது.

எல்லாவற்றையும்விட அதிகக் குடும்பங்களைக் கடனில் தள்ளுவது, கப்பல் பணியிலிருந்து இறங்கும்போது கையெழுத்திடும் சைன் ஆஃப் காகிதம். உடம்பு முடியாமல் ஒருவர் இறங்கும்போது, இறங்கும் காரணம் “மருத்துவம்” என்று பதிவாக வேண்டும். ஆனால் “சொந்த வேண்டுகோள்”, “பரஸ்பர சம்மதம்”, “ஒப்பந்தம் முடிவு” என்று அச்சிட்ட தாளில் கையெழுத்து வாங்கி அனுப்பிவிடுவது நடக்கிறது. நோயோடு நிற்பவருக்குச் சீக்கிரம் வீடு போய்ச் சேர்ந்தால் போதும் என்றிருக்கும். கேப்டன் நீட்டும் தாளை அவர் எதிர்த்துப் படிக்கமாட்டார். வீட்டுக்கு வந்து பதினைந்து நாளில் வலி கூடி, ஸ்கேன் எடுத்து, அறுவை சிகிச்சை என்று மருத்துவர் சொன்ன பிறகு கப்பலுக்கு ஆள் எடுத்து அனுப்பும் மேனிங் கம்பெனிக்குப் போன் செய்தால், “நீங்களாக இறங்கினீர்கள், எங்களுக்குப் பொறுப்பில்லை” என்ற பதில் வருகிறது. எங்கள் கரையோர ஊர் ஒன்றைச் சேர்ந்த மோட்டார்மேன், அதாவது இயந்திர அறைத் தொழிலாளி, ஒருவருக்கு நேர்ந்தது இது. பாரம் தூக்கியதில் முதுகு பிடித்துக்கொண்டது என்று கப்பலிலேயே சொல்லி, வலி மாத்திரை வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். மாத்திரை கொடுத்ததற்கான பதிவு கப்பலில் இருந்தது, அவர் கையில் இல்லை. அவர் மனைவி கம்மலை அடகு வைத்து அறுவை சிகிச்சைக்குக் கட்டினார். எங்கள் கடிதங்களுக்கு அந்த நிறுவனத்திடமிருந்து கடைசிவரை உருப்படியான பதில் வரவில்லை.

முறையாக மருத்துவ சைன் ஆஃப் ஆனவருக்கும் சிக்கல் தீர்ந்துவிடுவதில்லை. மருத்துவச் செலவையும் நோய்க்காலச் சம்பளத்தையும் 16 வாரங்களுக்குக் குறையாத காலத்துக்கு வரம்பிடலாம் என்று உடன்படிக்கை நாடுகளுக்கு அனுமதி கொடுத்திருக்கிறது. அந்தக் குறைந்தபட்சத்தையே நான் பார்த்த பல ஒப்பந்தங்கள் உச்சவரம்பாக எழுதியிருக்கின்றன. 16 வாரம் என்பது 112 நாள். அது வீடு வந்து சேர்ந்த நாளிலிருந்து எண்ணப்படுவதில்லை. காயம்பட்ட அல்லது நோய் தொடங்கிய நாளிலிருந்து எண்ணப்படுகிறது. அடுத்த துறைமுகம் வரும்வரை கப்பலில் வலியோடு காத்திருந்த நாட்களும், அந்நிய ஊர் மருத்துவமனையில் கிடந்த நாட்களும் அதிலேயே கழிந்துபோகின்றன. காசநோய்க்கு வழக்கமான சிகிச்சையே ஆறு மாதம். முழங்கால் தசைநார் அறுந்து அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் மறுபடி இயந்திர அறையின் செங்குத்து ஏணிகளில் ஏறி இறங்க ஆறு முதல் ஒன்பது மாதம் ஆகும். புற்றுநோய் என்றால் சொல்லவே வேண்டாம். பன்னாட்டுப் போக்குவரத்துத் தொழிலாளர் கூட்டமைப்பின் ஒப்பந்தங்கள் நோய்க்கு ஊர் திரும்பியதிலிருந்து 130 நாள் வரையும், காயத்துக்குக் குணமாகும் வரை அல்லது நிரந்தர ஊனம் முடிவாகும் வரையும் சிகிச்சை தரச் சொல்கின்றன. அத்தகைய ஒப்பந்தம் இல்லாத கப்பலில் ஏறியவருக்கு அதுவும் கிடையாது. தொழிற்சங்க ஒப்பந்தம் உள்ள கப்பலா இல்லையா என்று பார்த்து ஏறும் நிலையில், முதல் வேலைக்குக் காத்திருக்கும் இளைஞர்கள் இல்லை என்பதைத் தாங்கள் அறிவீர்கள்.

நம்மைப் போலவே கடலோடிகளை உலகுக்கு அனுப்பும் பிலிப்பீன்ஸ் இந்த இடத்தில் நம்மைவிட வெகுதூரம் முன்னே போயிருக்கிறது. அந்நாட்டு அரசு வகுத்த மாதிரி ஒப்பந்தத்தில் கையெழுத்திடாமல் எந்த வெளிநாட்டு முதலாளியும் பிலிப்பினோக் கடலோடியை ஏற்ற முடியாது. ஊர் திரும்பியவருக்குக் குணமாகும் வரை, அல்லது ஊனத்தின் அளவு மருத்துவரால் முடிவு செய்யப்படும் வரை, முதலாளி செலவிலேயே சிகிச்சை. 120 நாள் வரை நோய்க்காலச் சம்பளம். பட்டியலில் இல்லாத நோயானாலும், ஒப்பந்த காலத்தில் வந்திருந்தால் அது வேலையால் வந்ததாகவே கொள்ளப்படும், இல்லை என்றால் முதலாளிதான் மறுத்து நிறுவ வேண்டும். நிறுவன மருத்துவரும் கடலோடியின் மருத்துவரும் மாறுபட்டால், இருவரும் ஒப்புக்கொண்ட மூன்றாவது மருத்துவர் சொல்வதே முடிவு. 2024 செப்டம்பரில் இவற்றுக்கு மேல் கடலோடிகளுக்கெனத் தனிச் சட்டமே அங்கே கையெழுத்தானது. அந்த முறையை அப்படியே எடுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. ஊர் வந்து மூன்று வேலைநாளுக்குள் நிறுவன மருத்துவரிடம் போய் நிற்காவிட்டால் உரிமை பறிபோகும் என்ற விதியும் அதில் இருக்கிறது. மணிலாவிலேயே ஏராளமான நிறுவனங்கள் இருக்கும் நாட்டில் அது ஓரளவு நடக்கலாம். மும்பையில் இருக்கும் நிறுவனத்தின் மருத்துவரைப் பார்க்க, காலில் கட்டோடு இருப்பவர் குளச்சலிலிருந்து மூன்று நாளில் போய்ச் சேர முடியாது.

வெளிநாட்டு முதலாளியிடம் நம் சட்டம் செல்லாது என்ற பதில் எனக்கும் பல அலுவலகங்களில் சொல்லப்பட்டிருக்கிறது. ஆனால் ஆள் எடுக்கும் நிறுவனத்துக்கு ஆர்.பி.எஸ்.எல். உரிமம் கொடுப்பது தாங்கள்தான். நிறுவனமோ முதலாளியோ ஒப்பந்தக் கடமையைச் செய்யத் தவறினால் கடலோடிக்கு நேரும் பண இழப்பை ஈடுகட்ட, காப்பீடு அல்லது அதற்கு நிகரான ஏற்பாடு ஒன்றை ஆளெடுக்கும் நிறுவனம் வைத்திருக்க வேண்டும் என்று அதே உடன்படிக்கை சொல்கிறது. மருத்துவச் செலவைத் தராமல் விடுவதும் பண இழப்பே என்று ஒரு சுற்றறிக்கையில் வெளிப்படையாக எழுதினால் போதும். லைபீரியக் கொடியின் சட்டத்தைத் தேடி நாங்கள் போக வேண்டியதில்லை. உரிமம் புதுப்பிக்கும்போது, மருத்துவக் காரணத்தால் இறங்கியவர்கள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேரின் செலவு முழுவதும் கொடுக்கப்பட்டது என்ற கணக்கையும் நிறுவனத்திடம் கேளுங்கள். பணிக்கு ஏறும் சைன் ஆன், இறங்கும் சைன் ஆஃப் விவரங்கள் ஏற்கெனவே தங்கள் இணையத் தளத்தில் ஏற்றப்படுகின்றன. இறங்கும் காரணத்தைக் கடலோடி தன் கைப்பேசியிலேயே பார்த்து, தவறென்றால் 30 நாளுக்குள் மறுக்க வழி செய்தால், அச்சிட்ட தாளின் கொடுமை பாதி குறையும். கப்பலில் எழுதிய மருத்துவ அறிக்கைப் படிவத்தின் நகல் ஒன்று, கேட்காமலேயே, இறங்கும் ஒவ்வொருவர் கையிலும் கொடுக்கப்பட வேண்டும். திரும்பி வந்தவரைப் பரிசோதிக்கும் பொறுப்பைச் சென்னையிலும் பிற துறைமுக ஊர்களிலும் தாங்கள் அங்கீகரித்த மருத்துவர்களிடமே கொடுக்கலாம்; கப்பலேறும் முன் உடல்தகுதி பார்ப்பவர்கள் இறங்கிய பின்னும் பார்க்க முடியாதா?

உடல்தகுதியைப் பற்றிப் பேசும்போது, குடும்பங்கள் வெளியே சொல்லக் கூசும் ஒன்றையும் எழுதியாக வேண்டும். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இருப்பது தெரிந்தால் கம்பெனி எடுக்காது என்று பயந்து பலர் மறைக்கிறார்கள். வேண்டுமென்றே மறைத்த நோய்க்கு முதலாளி பொறுப்பேற்க வேண்டியதில்லை என்பது உடன்படிக்கையின் விதி, அது நியாயமும்கூட. ஆனால் கட்டுக்குள் இருக்கும் சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுபவர், உரிய கண்காணிப்போடு கப்பலில் வேலை செய்யலாம் என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பும் சேர்ந்து வெளியிட்ட மருத்துவப் பரிசோதனை வழிகாட்டி இடம் தருகிறது. நிறுவனங்கள் அதைவிடக் கடுமையாக ஆள் கழிப்பதால்தான் மறைப்பு நடக்கிறது. உண்மையைச் சொன்னவர் வேலை இழக்கிறார், சொல்லாதவர் காப்பீடு இழக்கிறார் என்ற நிலையைத் தாங்கள் தலையிட்டு மாற்ற வேண்டும். மேலும், “மறைத்தார்” என்று சொல்லும் நிறுவனமே அதை நிறுவ வேண்டும். வீட்டுக்கு வந்த பிறகு எடுத்த ரத்தப் பரிசோதனையை மட்டும் காட்டிக் கோரிக்கையைத் தள்ளுவதை ஏற்கக் கூடாது.

ஒரு ஒப்பந்தத்துக்கும் அடுத்த ஒப்பந்தத்துக்கும் இடையில், மூன்று மாதமோ ஓராண்டோ, கடலோடி எவருடைய பணியாளரும் இல்லை. தமிழ்நாட்டு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். ஆறு மாதம் கப்பலில் இருந்துவிட்டு வந்த சாதாரணக் கடலோடிகூட அந்த வரம்பைத் தாண்டிவிடுகிறார். சொந்தமாகப் பாலிசி எடுத்தாலும் ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்று ஆண்டு வரை காத்திருக்க வேண்டும். கப்பலில் வந்த நோய் அடுத்த பாலிசிக்கு “ஏற்கெனவே உள்ள நோய்” ஆகிவிடுகிறது. 16 வாரம் முடிந்ததும் முதலாளியும் விலகிக்கொள்கிறார். இரண்டுக்கும் நடுவில் விழுந்தவரைத் தாங்க யாரும் இல்லை. குடியேற்ற அனுமதி பெற்று வளைகுடாவுக்குப் போகும் தொழிலாளிக்குப் பிரவாசி பாரதிய பீமா யோஜனா கட்டாயம். இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய் பிரீமியத்தில் 10 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடும் 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவும் அதில் உண்டு. கடலோடியின் பணிப் பதிவேடான சி.டி.சி. வைத்திருக்கும் கடலோடிக்குக் குடியேற்ற அனுமதி தேவையில்லை என்பதால் இந்தக் கட்டாயக் காப்பீடும் அவருக்கு இல்லை. தொகை சிறிதென்றாலும், அயல்நாடு போகிறவருக்குக் காப்பீட்டை அரசு கட்டாயமாக்க முடியும் என்பதற்கு அது முன்னுதாரணம். கடலோடிகள் நலநிதிச் சங்கத்தின் வழியாக, ஒவ்வொரு சைன் ஆனின்போதும் முதலாளி செலுத்தும் தொகையைக் கொண்டு, வேலையில் இல்லாத மாதங்களுக்கும் குடும்பத்துக்கும் சேர்த்துக் குழுக் காப்பீடு ஒன்றை நடத்துவது இயலாத காரியம் அன்று.

இந்த உடன்படிக்கையின் எல்லைக்கே வராத ஒரு கூட்டம் எங்கள் ஊரிலேயே இருக்கிறது. தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்கும் இலங்கைக்கும் அரிசி, காய்கறி, கட்டுமானப் பொருட்கள் ஏற்றிச் செல்லும் தோணிகளில் வேலை செய்பவர்களைச் சொல்கிறேன். மரபுவழிக் கட்டுமானக் கலங்களை எம்.எல்.சி. விலக்கியிருக்கிறது. மாலேயில் தோணித் தொழிலாளி ஒருவருக்குக் குடல்வால் வெடித்தால், தோணி முதலாளியின் மனசாட்சியைத் தவிர அவருக்கு வேறு காப்பீடு இல்லை. பெரும்பாலான தோணி முதலாளிகள் நல்லவர்கள், ஆனால் அவர்களும் கடனில் தொழில் நடத்துகிறவர்களே. தோணிகள் நம் நாட்டுப் பதிவில் ஓடுகின்றன, கொடியும் நம்முடையது. இங்கே வெளிநாட்டுச் சட்டத்தைக் காட்டி ஒதுங்க இடமில்லை. உடன்படிக்கை விலக்கினாலும், தோணிகளுக்கான பதிவு விதியில் தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டை ஒரு நிபந்தனையாகச் சேர்க்கத் தங்களுக்குத் தடையேதும் இல்லை.

இந்த விதிகளை எழுதும்போது தொழிற்சங்கங்களையும் முதலாளிகள் சங்கத்தையும் கூப்பிட்டுக் கேட்பீர்கள். அத்தோடு, நோயுற்றுத் திரும்பிய கடலோடிகளின் குடும்பத்தாரையும் சென்னை, தூத்துக்குடி, கொச்சி போன்ற இடங்களிலேயே வந்து கேட்கும்படி வேண்டுகிறேன். அவர்கள் தங்கள் அலுவலகம் இருக்கும் மும்பைக்கு வர இயலாதவர்கள். அதற்கு முன்பாக, புதிய விதிகளுக்குக் காத்திராமல் ஒரு சுற்றறிக்கையாலேயே செய்யக்கூடியது ஒன்றும் இருக்கிறது. ஒப்பந்தத்தின் மருத்துவப் பிரிவை, எத்தனை நாள், எவ்வளவு சம்பளம், எந்தக் கிளப், எந்தத் தொலைபேசி எண் என்ற விவரங்களோடு, ஒரே பக்கத்தில் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் அச்சிட்டு, கடலோடி விமானம் ஏறும் முன் அவருடைய வீட்டில் ஒருவர் கையில் கொடுக்க வேண்டும் என்று உரிமம் பெற்ற நிறுவனங்கள் அனைத்துக்கும் தாங்கள் உத்தரவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கப்பல் பொறியாளர் ஒருவர்,
தூத்துக்குடி